என் தலையை வைத்து ஒரு பந்தயம்

என் அண்ணிக்கு முடி வெட்டுவதுதான் தொழில். கத்தரியை எடுத்துவிட்டால் அவருடைய வாய்க்கும் கைக்கும் போட்டி நடக்கும். வாய் ஊர்க்கதையெல்லாம் அளக்கும். கை காதோரத்தில் மயிரிழை பிசகாமல் போய்க்கொண்டிருக்கும். அவரைப் பேசி ஜெயிக்க எங்கள் குடும்பத்தில் ஆள் பிறக்கவில்லை என்று அண்ணனே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவரைப் பக்கவாதம் படுக்க வைத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பேச்சு திரும்பியிருந்தது, நடையும் திரும்பியிருந்தது. வலது கை மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை, அதிலும் கட்டைவிரல் சுத்தமாக மக்கர் பண்ணியது. கட்டைவிரல் இல்லாமல் கத்தரியை எப்படிப் பிடிப்பது? பிசியோதெரபி செய்ய வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அண்ணி பேருக்கு அமுக்கிவிட்டு அதைச் சோபாவுக்கு அடியில் உருட்டிவிடுவார். சலூன் முதலாளியம்மா போன் செய்து, "உங்க இடத்துக்கு வேற யாரையும் போடல, கை சரியானதும் வாங்க" என்பார். "வரேன், வரேன்" என்று சொல்லிவிட்டு அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

வீட்டில் ஒரு வீடியோ கேம் இருந்தது. அண்ணன் மகளுடையது, கார் பந்தயம். "இப்படியே விளையாடிட்டிரு, உருப்பட்ட மாதிரிதான்" என்று அண்ணன் அவளைத் திட்டாத நாள் கிடையாது. ஒரு சாயங்காலம் மகள் வாசல் கதவைத் திறக்க எழுந்து போன நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த காரை நிறுத்துவதாக நினைத்து அண்ணி கண்ட்ரோலரை எடுத்தார். கார் சுவரில் மோதி, பல்டி அடித்து, ஆற்றில் விழுந்தது. அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். நோய் வந்த பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டோம். மறுநாளிலிருந்து கண்ட்ரோலருக்குச் சார்ஜ் போடும் உத்தியோகத்தை அண்ணனே ஏற்றுக்கொண்டார். பிசியோ பெண்ணும் தடை சொல்லவில்லை. "கட்டைவிரலுக்கு நல்ல வேலை. ஆனா நடுநடுவுல கழுத்துக்கும் கண்ணுக்கும் ஓய்வு குடுங்க" என்றார்.

அங்கேதான் நாங்கள் ஒரு கோமாளித்தனம் செய்தோம். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஆளாளுக்கு அண்ணியிடம் தோற்க ஆரம்பித்தோம். மகள் தேடிப் போய் மரத்தில் மோதுவாள். அண்ணன் எதிர்த்திசையில் ஓட்டிவிட்டு "அடடா" என்பார். நான் பெட்ரோல் தீர்ந்துபோன மாதிரி ஊர்வேன். ஜெயிக்க ஜெயிக்க அண்ணியின் முகம் மலர்ந்தது. நாங்களும் ஏதோ புண்ணியம் செய்துவிட்டதாகப் பூரித்துப்போனோம்.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் அண்ணி கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். குடித்து முடித்துத் திரையைப் பார்த்தார். அவர் கார் நடுரோட்டில் நின்றது. அதற்குப் பின்னால் எங்கள் மூன்று கார்களும், சிக்னலுக்குக் காத்திருப்பது போல, சாதுவாக நின்றுகொண்டிருந்தன.

"எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"உன் சந்தோஷத்துக்காகத்தான்..." என்று அண்ணன் இழுத்தார்.

"என் சந்தோஷமா? கை சரியாயிடுச்சுன்னு நம்பி நாளைக்கே கடைக்குக் கிளம்பறதா இருந்தேன். ஒருத்தர் காதை வெட்டியிருந்தா யார் பதில் சொல்றது? என் கை எப்படி இருக்குன்னு இனிமே நான் யாரைக் கேட்பேன்?"

சொல்லிவிட்டு அழுதார். எங்களுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதன் பிறகு எங்களோடு விளையாடவில்லை. எப்படி என்று மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு மோதினார். அவர்களுக்கு இவர் நோயும் தெரியாது, வயதும் தெரியாது. ஈவிரக்கமில்லாமல் இடித்துத் தள்ளினார்கள். அண்ணி கடைசியாக வந்தார், மறுபடியும் கடைசியாகவே வந்தார். அந்த ஆத்திரத்தில் சாப்பாட்டை மறந்தார், கழுத்து பிடித்துக்கொண்டது, அண்ணன் மேல் எரிந்து விழுந்தார். பிசியோ பெண் சண்டை போட்டு, சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் என்று அடக்கிவைத்தார். அப்புறம்தான் கை படிய ஆரம்பித்தது. கடைசிக்கு முந்தின இடம் கிடைத்த அன்று அண்ணி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் பதறியடித்து ஓடிவந்தார். போகப் போக ஜெயிக்கவும் செய்தார். ஆனாலும் சலூனுக்குப் போகவில்லை.

"எதிர்ல விளையாடினது பால்குடி மறக்காத குழந்தையா இருந்தா?" என்றார்.

வீட்டிலேயே நன்றாக விளையாடுகிறவன் நான். அது அண்ணிக்குத் தெரியும். நேராக என்னிடம் வந்தார்.

"டேய், உன்கூட ஒரு ஆட்டம். நான் ஜெயிச்சா உன் முடிய நான் வெட்டுவேன். சலூன்ல வச்சு."

என் முடி விஷயத்தில் நான் பைத்தியம் என்பது ஊரறிந்த சேதி. நான் தலை வாரி முடிப்பதற்குள் இன்னொருவர் குளித்துச் சாப்பிட்டு வேலைக்கே போய்விடுவார். அதோடு இரண்டு காதும் எனக்குத் தேவைப்பட்டன. அண்ணி மகா கெட்டிக்காரி. நான் விட்டுக்கொடுக்கவே முடியாதபடி மடக்கிவிட்டார்.

"வேற ஏதாவது பந்தயம் வைங்களேன் அண்ணி."

"பயமா இருக்கா? அப்ப ஒழுங்கா ஓட்டு."

ஓட்டினேன். மரியாதையெல்லாம் காற்றில் பறந்தது. அவர் காரை இடித்தேன், வழியை மறித்தேன். கடைசி வளைவு வரை நான்தான் முன்னால். அங்கே அண்ணி கட்டைவிரலை ஒரு நூலளவு நகர்த்தினார். என் காருக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் அவர் கார் புகுந்து போயே போய்விட்டது. "அய்யோ!" என்று அலறித் தலையில் கைவைத்தேன். அண்ணி திரையைப் பார்க்கவில்லை. வேர்த்து வழிந்த என் முகத்தைப் பார்த்தார்.

"நெஜமாவே தோத்துட்டடா" என்றார். அவர் கண் கலங்கியது. எனக்குப் பெருமையும் தாங்கவில்லை, பயமும் தாங்கவில்லை.

மறுநாள் காலை சலூனில் என் கழுத்தில் துணியைக் கட்டினார். முதலாளியம்மா தன் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். கத்தரி பின்கழுத்தில் தயங்கித் தயங்கி நடந்தது. பிறகு வேகம் பிடித்தது. காதருகே வந்தபோது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சத்தம் ஒரே சீராகக் காதைச் சுற்றி வந்து, மறு காதையும் சுற்றி முடித்தது.

கண்ணைத் திறந்தேன். ராஜா மாதிரி இருந்தேன். முதலாளியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி ரசித்துக்கொண்டே இருந்தேன். அண்ணி துணியை உருவி உதறினார்.

"எந்திரிடா, பார்த்தது போதும். அடுத்தவங்க நிக்கிறாங்க."