நிலா இல்லாத நாளில் கூடாரம் போட்ட குமுதா

செய்தி வந்தபோது நான் சேத்துப்பட்டில் தங்கை வீட்டில் இருந்தேன். போன் செய்தது எங்கள் தெரு சரளா. "அக்கா, குமுதாக்கா போயிட்டாங்க. தறியில உக்காந்தவங்க நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. ஜல்தி கெளம்பி வாங்க." ஆரணி பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தேன். வழியெல்லாம் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னைக் கூப்பிடாமல் அவள் எங்கேயும் கிளம்பியதில்லை.

எங்கள் ஊர்ப் பட்டுத்தறிக்கு ஓய்வு அமாவாசையன்று மட்டும்தான். நான் போய்ச் சேர்ந்த நாள் அமாவாசை இல்லை. ஆனாலும் தெருமுனையிலிருந்து அவள் வீடு வரை ஒரு தறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. யாரும் சொல்லி நிறுத்தவில்லை, தானாக நிறுத்தியிருக்கிறார்கள். மாலை போட வந்தவர்கள் எல்லாரும் அவள் நெய்த சேலைகளைப் பற்றியே பேசினார்கள். நல்ல கைக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல கைக்காரிகள் எங்கள் தெருவில் நிறையப் பேர் இருக்கிறோம். பெண்களை மட்டும் கூட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தவள் அவள் ஒருத்திதான். இப்படி எழுதும்போது 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்பார்கள். எழுதிப் பார்த்தேன், யாரையோ சொல்வதுபோல் இருந்தது. எனக்கு அவள் அவள்தான்.

எல்லாம் அவள் மகனுடைய செல்போனில் ஆரம்பித்தது. ஏதோ வெளிநாட்டில் ஒரு குடும்பம் வேனுக்குள்ளேயே அடுப்பும் படுக்கையும் வைத்துக்கொண்டு ஆற்றோரம் தங்குகிற வீடியோ. அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இன்னாடி ராணி, நம்ம ஜில்லாவுல ஆறே இல்லியா? நிலா வெளிச்சத்துல மணல்ல உக்காந்து சோறு துன்னா நமக்கு எறங்காதா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்த வாரமே கலசப்பாக்கத்துக்கு பஸ் ஏறிப் போய், செய்யாற்றங்கரையில் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

அவள் திட்டம் போடுகிற விதமே தனி. எங்களுக்கு என்ன சமைப்பது என்பதுதான் முதல் கவலை. அவளுக்கு அப்படி இல்லை. "மொதல்ல கக்கூஸ் எங்கன்னு பாரு. அதைக் கேக்காம எந்தப் பொம்பளையும் வூட்டை விட்டுக் கெளம்பக் கூடாது" என்பாள். அண்ணன் நிலத்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது, வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, கரை மேடாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்துவைத்திருந்தாள். கூடாரத்துக்குக் கடையில் விலை விசாரித்துவிட்டு, "இதுக்கா இந்த வெலை?" என்று திரும்பி வந்து, களம்பூர் ரைஸ்மில்லில் நெல் மூட்டை மூடுகிற தார்ப்பாயை இரவல் வாங்கினாள்.

பெரிய வேலை பாக்கி இருந்தது. வீட்டில் விட வேண்டுமே! குமுதா ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "ஆம்பளைத் தொணை இல்லாம ராத்திரி ஆத்தங்கரையில தங்கறதா? ஊர் இன்னா பேசும்?" என்றார். குமுதா குரலை உயர்த்தவில்லை. "தறி ஓடற நாள்ல நான் கூப்பிடலீங்க. தறி நிக்கற நாளு, உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. கூட்டிகினு போறதும் கொண்டாந்து விடறதும் என் பொறுப்பு" என்றாள். வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னாள்: "இதுல ஏதாவது ஏடாகூடமாச்சுன்னு வை, இந்தத் தெருவுல இனிமே எவளையும் கோயிலுக்குக்கூடத் தனியா வுட மாட்டாங்க. நம்ம பொண்ணுங்களையும் சேத்துத்தான்." என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு பிறகு சரி என்றார், மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன.

கிளம்பிய அன்றைக்கு எங்கள் வாடகை வேன் போளூரைத் தாண்டியது. பாட்டும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தோம். நிலாச் சோற்றுக்குப் புளிசாதமா தயிர்சாதமா என்று சண்டை நடந்தது. வண்டி ஓட்டிய தம்பி கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இன்னிக்கு அமாவாசையாச்சே. நிலா எங்கிருந்து வரும்?" என்றார்.

நம்புங்கள், எங்களில் ஒருத்திக்குக்கூட அது தோன்றவில்லை! எங்களுக்கு அமாவாசை என்றால் தறி நிற்கும் நாள். பிறந்ததிலிருந்து அப்படியே பழகிவிட்டோம். அன்றைக்கு வானத்தில் நிலா இருக்காது என்பதை நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. நெசவாளியைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. குமுதாவின் முகம் கறுத்துவிட்டது. பின் சீட்டில் சரளா அழ ஆரம்பித்தாள். "அமாவாசையில ஆத்தோரம்னு எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்னைச் சேக்க மாட்டாங்கக்கா. திரும்பிடலாம்" என்றாள். எனக்கும் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. குமுதா வண்டி ஓட்டிய தம்பியின் பக்கம் திரும்பினாள். "நாளைத் தப்பாப் பாத்தது நானு. எடத்தைச் சரியாத்தான் பாத்திருக்கேன். வண்டி போவட்டும்" என்றாள்.

போய் இறங்கியதும் அவளை நிறுத்த முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் கூடாரம் நிற்க வேண்டும். கரையில் மண் பொலபொலவென்று இருந்ததால் அடித்த முளை எல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தது. கோணிப்பைகளில் மணலை அள்ளிக் கட்டி, அதில் கயிற்றை முடிந்தோம். தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, அவள் சத்தம் கொடுக்கக் கொடுக்க இழுத்தோம். தார்ப்பாயில் ஒரு சுருக்கம் இல்லை. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "கல்யாணப் பந்தல்கூட இப்படி நிக்காதும்மா" என்றார். உள்ளே தவிட்டு வாசனை அடித்தது. வெளிச்சம் இருக்கும்போதே சமைத்து, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்தோம்.

விளக்கு வைத்த சற்று நேரத்தில் சரளாவின் போன் அடித்தது. மாமியார். சரளா போனை என்னிடம் நீட்டினாள். "கட் பண்ணிடு, டவர் இல்லன்னு சொல்லிக்கலாம்" என்றேன் நான். குமுதா போனை வாங்கிக்கொண்டாள்.

"அத்தே, நான் குமுதா. நாள் பாத்ததுல தப்புப் பண்ணிட்டேன். நெலா இருக்கும்னு சொல்லிக் கூட்டியாந்தேன், இங்க கும்மிருட்டு. ஆனா எல்லாரும் நல்லா இருக்கோம். பக்கத்துலயே எங்க அண்ணன் வூடு. ஒவ்வொருத்தரா பேசறோம், கேட்டுக்குங்க."

போன் கைமாறியது. சாப்பிட்டோம், பத்திரமாக இருக்கிறோம் என்று எல்லாரும் சொன்னோம். கடைசியில் ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் வந்தது. "நெலாச் சோறு துன்னணும்னு அமாவாசையில போயிருக்கீங்களே, உங்களை இன்னான்னு சொல்றது! வெளக்கை அணைக்காம வெச்சிக்குங்க. அடுத்த தபாவாவது காலண்டரைப் பாத்துட்டுப் போங்கடி."

போனை வைத்த குமுதா எங்களை ஒரு பார்வை பார்த்தாள். "கேட்டீங்களா? அடுத்த தபான்னாங்க!" என்று சொல்லிக் கையைத் தட்டினாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. நிலா இல்லாததால் வானத்தில் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. எங்கள் தெருவில் யாரும் அவ்வளவு நட்சத்திரங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் சொன்னபடியே ஒவ்வொருத்தியையும் அவரவர் வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனாள். அதன்பிறகு பல அமாவாசைகள் போய்வந்துவிட்டோம். பௌர்ணமிக்குப் போக எங்களுக்கு ஏது லீவு? எங்கள் பெண்கள் இன்றைக்குத் தோழிகளோடு வெளியூர் போகிறார்கள், வருகிறார்கள். அதற்கு வழி விட்டது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் போனை வாங்கிய துணிச்சலைத்தான். மறைக்காமல், மழுப்பாமல், கெஞ்சாமல், உள்ளதை உள்ளபடி சொல்வது. அவளுடைய காரியம் முடிந்த மறுவாரம் என் வீட்டுக்காரரிடம், "வர்ற அமாவாசைக்கு நாங்க ஆத்துக்குப் போறோம். இந்தத் தபா கூட்டிகினு போறது நானு" என்றேன். போகட்டுமா என்று கேட்கவில்லை. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "வேன் எத்தினி மணிக்கு?" என்றார்.