சமையலறைக்கு வெட்டிய குளம்

பத்து நாளைக்கு முன்னால் சுகாதார இலாகாவிலிருந்து இரண்டு பேர் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்கு வந்தார்கள். டிங்கிக் காய்ச்சல் சோதனை. பன்னிரண்டாவது மாடி பால்கனியில் என் தோட்டம் என்பது ஒரே ஒரு கற்றாழைத் தொட்டி, அதற்கடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. வந்தவர்களில் ஒருத்தி தமிழ்ப் பிள்ளை. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். "அங்கிள், தட்டுல தண்ணி நிக்குது பாருங்க. ஜெந்திக் வந்துரும்லா" என்றாள். ஜெந்திக் என்றால் கொசுப்புழு. தட்டை எடுத்துப்போய் சிங்க்கில் கவிழ்த்தாள். மிஞ்சிப்போனால் அரை டம்ளர் தண்ணீர். ஆனால் கவிழ்த்தபோது அந்த வாசம் வந்தது. நின்ற தண்ணீரும் மக்கிய இலையும் சேர்ந்த வாசம். ஊருக்கு அது நாற்றம். நான் சிங்க்குக்கு மேல் குனிந்து இன்னொரு தடவை மோந்து பார்த்தேன். "அங்கிள், ஓகேயா?" என்று வேறு கேட்டாள். ஓகேதான் என்றேன். அவர்கள் அடுத்த மாடிக்குப் போன பிறகும் காலித் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு காலத்தில் இந்த அங்கிளுக்குச் சொந்தமாக ஒரு குளமே இருந்தது என்று சொன்னால் அந்தப் பிள்ளை நம்பியிருக்குமா, என்ன?

குளம் என்றதும் படித்துறை, கோபுரம் என்றெல்லாம் போய்விடாதீர்கள். எட்டடிக்குப் பத்தடி. அதுவும் குளமாகவா பிறந்தது? கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் மூலை வீடு வாங்கியிருந்தோம், நானும் மனைவியும். மீன் பொரித்தால் சோபா வரைக்கும் நாறுகிறது, பின்னால் தனியாகச் சமையலறை வேண்டும் என்றாள். நியாயம்தான். கொன்ட்ராக்டர் வந்து அஸ்திவாரத்துக்குப் பள்ளம் வெட்டினார். சிமெண்டு வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. மூன்று வருடம் ஓடிய கல்யாணம். அவள் சாலாக் செலாத்தானில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தப்பு யார்மேல் என்று கேட்காதீர்கள். கேட்டால் பாதியாவது பொய் சொல்வேன்.

பள்ளத்தை மூடியிருக்க வேண்டும். மூடுவதென்றால் கொன்ட்ராக்டரைக் கூப்பிட வேண்டும், சமையலறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், ஏன் பாஸ் என்று அவர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான்கு மாதம் விட்டுவிட்டேன். மழைக்காலம் வந்தது. பள்ளம் நிரம்பியது. அப்போது எனக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. எந்த லோரி எங்கே போகிறது, எது இன்னும் திரும்பவில்லை என்று நாள் முழுக்க ரேடியோவில் கத்துகிற வேலை. வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க வழியில்லை. ஃபேனுக்குக் கூட என்னைவிட அதிகச் சத்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கணவர் லோரி ஓட்டியவர், நாங்கள் குடிவருமுன்பே வடக்கே நெடுஞ்சாலையில் விபத்தில் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. ஒரே மகள் ஜொகூரில் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"தம்பி, ஒங்க வீட்டுப் பள்ளத்துல கொசு மொய்க்குது. டிங்கி வந்து படுத்தா யாரு பாக்குறது? ஒங்களுக்கும் ஆளில்ல, எனக்கும் ஆளில்ல."

இத்தனை பச்சையாக யாரும் அதை என்னிடம் சொன்னதில்லை. கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மூடுகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு, வீம்புக்கு மூடாமல், குளம் வைக்க ஆரம்பித்தேன்.

ஒரு மண்ணும் தெரியாது எனக்கு. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று பெரிய லொங்காங் சாக்கடையிலிருந்து ஒரு வாளி நிறைய சின்ன மீன்களை அள்ளிக்கொண்டுவந்து விட்டேன். தின்றன. கொசுப்புழுவைத் தின்றன, தவளை முட்டையைத் தின்றன, தண்ணீருக்குள் வளரும் தும்பிக்குஞ்சைத் தின்றன, தின்றுவிட்டு ஒன்று பத்தாகப் பெருகின. பிறகு டீ வடிகட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துத் திரும்ப லொங்காங்கில் விட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அப்புறம்தான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கள்ளத்தனமாகப் படித்துப் படித்து ஒழுங்காகச் செய்தேன். நாலு பக்கமும் செங்குத்தாக இருந்தால் உள்ளே விழுந்த ஜீவன் ஏற முடியாமல் சாகும், ஆகவே ஒரு பக்கத்தை வெட்டிச் சரிவாக்கிக் கல் பரப்பினேன். கிடங்கில் கழித்துப்போட்ட லோரி கான்வாஸை முதலாளியிடம் கேட்டு வாங்கி அடியில் விரித்தேன். குழாய்த் தண்ணீர் ஆகாது, அதில் மருந்து இருக்கிறது. கூரைத் தண்ணீரைப் பெரிய தோங் பீப்பாயில் பிடித்து வைத்து அதைத்தான் விடுவேன். காப்பார் பக்கத்து வாய்க்காலில் இருந்து வேலம்பாசி, ஒரு ஆம்பல் கிழங்கு. அதற்கு மேல் எதையும் வாங்கி விடக்கூடாது, வருவது தானாக வரும், காத்திரு என்று போட்டிருந்தது. காத்திருப்பதில் என்னை அடிக்க ஆளில்லை அப்போது.

வந்தது. முதலில் சிவப்புத் தும்பி. பிறகு நீர்மேல் ஓடும் பூச்சிகள். பிறகு ஒரு மழைக்கு அடுத்த நாள் பாசியில் சவ்வரிசிக் கஞ்சி மாதிரி தவளை முட்டை. சுகாதார இலாகா ஆள் வந்து அகப்பையால் பத்துத் தடவை அள்ளிப் பார்த்துவிட்டு, ஒரு ஜெந்திக் கூட இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார். வேலியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காவால் பொறுக்க முடியவில்லை. "அப்ப கொசுவெல்லாம் எங்க போச்சு?" தும்பிக்குஞ்சு தின்றுவிட்டது என்றேன். "அட பாவி!" என்றார். அது தும்பியைச் சொன்னதா என்னைச் சொன்னதா, இன்றுவரை தெரியாது.

அன்று சாயந்தரம் பின்சந்து கேட்டைத் திறந்துகொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு அக்கா வந்தார். அடுத்த நாளும் வந்தார். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. நான் வேலை முடிந்து வந்து முகம் கழுவி இரண்டு கோப்பை தே-ஓ, அதாவது பால் விடாத டீ, கலக்குவேன். அக்கா சரிவுப் பக்கம் உட்கார்ந்திருப்பார். கரையோரம் வல்லாரை நட்டது அவர்தான். பாதியைத் துவையலுக்குப் பறித்துக்கொண்டதும் அவர்தான். "ஒங்க புள்ளைக்குப் பின்னங்கால் வந்துருச்சு தம்பி, பாத்தீங்களா?" என்பார். தலைப்பிரட்டைகள் எல்லாம் என் பிள்ளைகள். வால் உதிர்ந்து ஒன்று கல்லில் ஏறி உட்கார்ந்தால், "இது அப்பா மாதிரியே சும்மா ஒக்காந்திருக்கு" என்பார். நடுநடுவே கணவரைப் பற்றியும் பேசுவார். அவருக்குக் கருவாடு என்றால் உயிர், அவரு லோரியில் ஏறினால் பாட்டில்லாமல் ஓட்டமாட்டார், அவரு கோபத்தில் ஒருமுறை சோற்றுப்பானையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுப் பிறகு தானே எடுத்துவந்து சாப்பிட்டார். நான் சிரிப்பேன். ஏறக்குறைய இரண்டு வருடம். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக வீடு திரும்பிய காலம் அதுதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை தண்ணீர் வெளுத்திருந்தது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. புளித்த வாடை. தலைப்பிரட்டைகள் வயிற்றைக் காட்டி மிதந்தன, நாற்பது ஐம்பது இருக்கும். யாரோ சோப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று பின்சந்து முழுக்கத் திட்டினேன். அக்காவும் கூட நின்று, "யாரு செஞ்ச பாவமோ" என்று கன்னத்தில் கை வைத்தார். பாதித் தண்ணீரை வாளியால் இறைத்து, மழைத் தண்ணீர் விட்டுத் தேற்றினேன். அடுத்த மாதமும் அதே கதை.

அதற்கடுத்த மாதம் கிடங்கில் மின்சாரம் போய் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பின்கதவைத் திறந்தேன். அக்கா சரிவில் குந்தி உட்கார்ந்து செம்பிலிருந்து பாலை ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாழையிலைத் துண்டில் எள்ளுச்சாதம், பாதி ஏற்கெனவே தண்ணீருக்குள். அன்றைக்கு அமாவாசை. பாலும் சோறும் புளித்தால் தண்ணீரில் காற்று செத்துவிடும், உள்ளே எதுவும் மூச்சுவிட முடியாது. அது அக்காவுக்கு எப்படித் தெரியும்? தான் ஊற்றியதுதான் காரணம் என்றே தோன்றியிருக்காது.

"அவரக் கடல்லதான் தம்பி கரைச்சோம். மாசாமாசம் கடலுக்கு என்னைய யாரு கூட்டிட்டுப் போவா? தண்ணியெல்லாம் ஒண்ணுதானேன்னு..."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் இப்போது தெரியும். அன்றைக்குச் சொன்னது இது: "அக்கா, இது குளம். ஒங்க வீட்டுத் திதி குடுக்குற எடம் இல்ல. அறிவு வேணாமா?"

பதினைந்து வயது மூத்த மனுஷியைப் பார்த்து. வாசலில் என் கார் நின்றது. கடல் இருபது நிமிடம். அது என் மரமண்டையில் உறைக்கவே இல்லை. செத்த தவளைக்குஞ்சுகள்தான் கண்ணில் நின்றன.

அக்கா எழுந்தார். மிச்ச எள்ளுச்சாதத்தை இலையோடு மடித்துக்கொண்டார். "தெரியாம செஞ்சிட்டேன் தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். செம்பு ஒரு கையில், ஸ்டூல் ஒரு கையில், கேட்டைக் காலாலேயே தள்ளிச் சாத்திவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு கோப்பை தே-ஓ கலக்கி ஒன்றைக் கொட்டினேன். போய்க் கூப்பிட்டிருக்கலாம். வேலி இடுப்பளவுதான். ஆனால் நான்தானே சரி, அவர்தானே தப்பு? அந்தக் கணக்கிலேயே இருந்தேன். பேச ஆளில்லாத நேரத்தையெல்லாம் குளத்தில் கொட்டினேன். மக்கின இலையை அரித்தேன், பாசி அடர்ந்தால் பாதியை எடுத்துக் கரையில் ஓர் இரவு வைத்தேன், ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிகள் திரும்பத் தண்ணீருக்குப் போவதற்காக. குளம் அப்படித் தெளிந்தது! நான்கு மாதத்தில் கானாங்கோழி வந்து, கரையில் தானாக முளைத்திருந்த கோரைக்குள் கூடு கட்டியது. ஒரு காலை கறுப்புப் பஞ்சு மாதிரி ஐந்து குஞ்சுகள் தாய்க்குப் பின்னால் வரிசையாக இறங்கின. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலிக்கு ஓடினேன்.

"அக்கா! கானாங்கோழி குஞ்சு பொரிச்சிருக்கு, அஞ்சு! வந்து பாருங்க!"

அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "அப்படியா தம்பி? சந்தோஷம்" என்றார். ஒரு சட்டையை உதறிக் கிளிப் மாட்டினார். அடுத்த சட்டையை எடுத்தார்.

அந்த வருடக் கடைசியில் மகள் வந்து அவரை ஜொகூருக்கு அழைத்துப் போய்விட்டாள். நான் வேலையிலிருந்து வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு ஆன்டி சொல்லித்தான் தெரியும். நம்பர் யாரிடமும் இல்லை, நானும் வாங்கி வைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு எதற்கு நம்பர், சொல்லுங்கள்? அதன் பிறகு அந்தக் குளத்தின் பக்கத்தில் என்னால் உட்கார முடியவில்லை. பார்த்துக்கொண்டேன், உட்காரவில்லை. சில வருடம் கழித்து வீட்டை விற்றேன். வாங்கியவர் ஒரு லோரி மண்ணைக் கொட்டிக் குளத்தை மூடிவிட்டார். போன தீபாவளிக்குச் சாமான் வாங்க கிள்ளானுக்குப் போனபோது அந்தப் பக்கம் காரை விட்டேன். குளம் இருந்த இடத்தில் நல்ல பெரிய சமையலறை கட்டியிருக்கிறார்கள். மீன் பொரிக்கிற வாசம் ரோடு வரைக்கும் வந்தது. அக்கா வீட்டில் யாரோ வெளிநாட்டுத் தொழிலாளர்கள் எட்டுப் பத்துப் பேர் தங்கியிருக்கிறார்கள். வேலியும் இல்லை.

நேற்று அமாவாசை. என்ன தோன்றியதோ, விடிந்ததும் பால், எள், அரிசி எல்லாம் வாங்கிக்கொண்டு கிள்ளான் தாண்டிக் கடற்கரைக்குப் போனேன். குடைக்குக் கீழே ஒரு ஐயர் வருகிறவர்களுக்கு வரிசையாகத் திதி செய்துவைத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது.

"அப்பாவுக்கா சார்?"

"இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தருக்கு. நான் பாத்ததில்ல. அவங்க வீட்டு அக்கா சார்பா."

ஐயர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷர். கையில் எள்ளைக் கொடுத்துத் தண்ணீர் விட்டார். "பேரு சொல்லுங்க" என்றார்.

கருவாடு பிடிக்கும் என்று தெரியும். பாட்டில்லாமல் லோரி ஓட்டமாட்டார் என்று தெரியும். புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் அக்காவுக்கு இல்லை, அவரு, அவரு என்றுதான் சொல்வார். இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் வடிந்து எள் கையில் ஒட்டிக்கொண்டது.

"தெரியாது சாமி" என்றேன்.

"பரவால்ல, யார்கிட்டயாவது கேட்டுட்டு அடுத்த அமாவாசைக்கு வாங்க" என்றார் ஐயர்.

கேட்பதற்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள்.