மைமூன் பெயர்த்த தரை

நேற்று தென்காசி உரக்கடையில் யாருக்கோ மயில்துத்தம் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நீலத்தைப் பார்த்ததும் எனக்கு மைமூன் வீட்டுப் பசுவின் பின்னங்கால் ஞாபகம் வந்தது. சிலருக்கு நீலம் என்றால் கடல் நினைவு வரும். மாட்டு டாக்டருக்கு அப்படியெல்லாம் வாய்க்காது.

ஆய்க்குடிப் பக்கம்தான் எனக்கு முதல் வேலை. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் பக்கமும் எதுவும் காயாது. ஊரே அருவிக்குப் போகும், நான் தொழுவங்களுக்குப் போவேன். அப்படியொரு ஆனி மாதத்தில் மைமூன் போன் செய்தாள். நாற்பது வயதிருக்கும், கணவர் சவூதியில். வீட்டில் இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. அது நொண்டியது.

தொடையைத் தடவிப் பார்த்து, சுளுக்கு என்று ஊசி போட்டுவிட்டுப் பெருமையாகத் திரும்பினேன். மூன்றாம் நாள் பசு படுத்தேவிட்டது. நான் போனபோது அவள் கையிலிருந்த செல்போனில் கணவர் பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குச் செங்கோட்டை யாவாரி வருதாரு. பேசாம ஏத்தி விட்டிரு."

மைமூன் போனை அணைத்தாள். "டாக்டரம்மா, நீங்க மேலயே பாக்குதிய. அதுக்குக் கீழல்லா நோவுது."

வெட்கமாகத்தான் இருந்தது. பசுவை எழுப்பி, இருவருமாகக் காலைக் கயிற்றால் தூக்கிக் கட்டினோம். குளம்பைக் கழுவி அடியைச் சீவத் தொடங்கினேன். பசு கயிற்றையும் மீறி ஒரே உதையில் என்னைச் சாணத்தில் உட்காரவைத்தது. எழுந்து மறுபடி சீவினேன். ஒரு கறுப்புப் புள்ளி. அதைத் திறந்ததும் சீழ் பீறிட்டது. நாற்றத்தைப் பற்றிச் சொல்லவில்லை, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். பசு நீளமாக மூச்சு விட்டது.

காரணம் கணவர் ஆசையாகப் போடச்சொன்ன புதுச் சிமெண்டுத் தரை. ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆகிவிட்ட குளம்பை அந்தச் சொரசொரப்பு தேய்த்துவிட்டது. தயங்கித்தான் சொன்னேன். மறுநாள் வியாபாரி வந்தபோது மைமூன் கடப்பாரையால் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தாளாம். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

புண் ஆறியபின் மயில்துத்தக் கரைசலில் குளம்பு நனைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடியோ காலில் கணவர் கேட்டார்: "ஏட்டி, சிமெண்டு எங்க?"

"மாடு நடக்குதுல்லா, அதப் பாருங்க மச்சான்."

போன மாதம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். ஒரு தொழுவம்கூட இல்லை. மைமூன் பாக்கெட் பாலில் டீ கொடுத்தாள்.

"செவல வயசாகிப் போயி ரொம்ப வருசமாச்சு. வேற வாங்கல," என்றாள். "இப்ப காலையில எந்திரிச்சா யாரு காலையும் குனிஞ்சு பாக்க வேண்டாம், டாக்டரம்மா. கொஞ்ச நேரம் என்ன செய்யன்னே தெரியமாட்டேங்குது."