எழுநூறு நாற்காலியும் ஒரு துண்டும்

பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் ஆறுச்சாமியைத் தெரியாதவர்கள் யாருமில்லை. இதை ஆறுச்சாமியே பலரிடம் சொல்லியிருக்கிறார். மாந்தோப்பு, மாங்காய் கமிஷன் வியாபாரம், ரோட்டோரத்தில் தகரக் கூரை போட்ட பெரிய ஷெட், சாயம் மங்க விடாத மீசை என்று அறுபதை நெருங்கும் ஒருவருக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் இருந்தது. பெயர் ஒன்றுதான் குறை. தாத்தா பெயரைத் தூக்கி மூத்தவன் தலையில் வைத்துவிட்டு, மோகனசுந்தரம் என்ற அழகான பெயரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். நாடக நோட்டீஸில் பெயர் போடும் காலம் வந்தபோது அந்தப் பழைய எரிச்சல் அவருக்குப் புதிதாக வந்தது.

நாடகம் அவரைத் தேடி வந்தது ஷெட்டின் வழியாகத்தான். மாங்காய் சீசன் முடிந்தால் அடுத்த சீசன் வரை ஷெட் சும்மா கிடக்கும். அதே தெருவைச் சேர்ந்த யோகப்பிரியா திருச்சூரில் நாடகம் படித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தாள். தான் எழுதிய நாடகத்தை அந்த ஷெட்டில் போடலாமா என்று கேட்டாள். தாராளமாகப் போடு, வாடகை வேண்டாம் என்ற ஆறுச்சாமி, போகிற போக்கில் கேட்பது போல, அதில் மூத்த அண்ணன் வேடம் ஏதாவது உண்டா என்று விசாரித்தார். உண்டு என்றாள். தன் முகவெட்டுக்காகத்தான் அந்த வேடம் கிடைத்தது என்று அவர் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார். ஷெட்டுக்காகக் கிடைத்தது என்று நினைக்க அவருக்கு மனம் வரவில்லை.

தம்பி வேடத்துக்கு அவள் யாரைப் பிடித்து வந்தாள் என்று தெரிந்ததும் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடியது. அவருடைய சொந்தத் தம்பி மோகனசுந்தரத்தையே கூட்டி வந்திருந்தாள்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருஷம் ஆகிவிட்டது. காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோப்பைச் சரிபாதியாகப் பிரித்தார்கள், கிணறும் மோட்டாரும் பொதுவில் நின்றன. வாரத்துக்கு ஏழு நாள். அண்ணனுக்கு மூன்று நாள் தண்ணீர், தம்பிக்கு மூன்று நாள் தண்ணீர். மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமையை, மூத்தவன் என்ற ஒரே தகுதியில், ஆறுச்சாமி எடுத்துக்கொண்டார். இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அவர் மோட்டார் போட்டதே அபூர்வம். கல்யாணமும் காதுகுத்துமாக அந்த நாள் போய்விடும். தம்பியின் மரங்கள் காய்ந்து கிடக்க, கிணற்றுத் தண்ணீர் கிணற்றிலேயே கிடக்கும். விட்டுக்கொடுத்துவிடலாம் என்று அவருக்கே பல தடவை தோன்றியதுண்டு. ஆனால் தம்பி வந்து கேட்கட்டும் என்று இருந்துவிட்டார். தம்பி கேட்கவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் அந்தக் குடும்பத்துக்கு அழுத்தம் ஜாஸ்தி.

யோகப்பிரியா விவரமான பெண். நாடகத்தில் அண்ணனும் தம்பியும் ஒருவரோடொருவர் பேசும் வசனம் ஒன்றுகூட வைக்கவில்லை. இருவரும் தனித்தனியாக ஜனங்களைப் பார்த்துத்தான் பேசினார்கள். கடைசிக் காட்சியில் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து, அண்ணன் தன் பாதித் தோப்பைத் தம்பிக்கு விற்க வேண்டும். அதற்கும் வசனம் கிடையாது. துண்டு போட்டுப் பேசுவதுதான்.

அந்தப் பக்கத்தில் மாடானாலும் மாங்காயானாலும் நாலு பேர் நடுவில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இருவர் கையையும் துண்டால் மூடிக்கொண்டு, ஒருவர் விரலை மற்றவர் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். பிடித்த விரல் எத்தனையோ அதுதான் எண்ணிக்கை. பாதி விரலைப் பிடித்தால் அரை. சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும். துண்டுக்கு அடியில் எதைப் பிடித்தாலும் சரி, யாருக்கும் தெரியப்போவதில்லை, முகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யோகப்பிரியா சொல்லியிருந்தாள்.

முதல் நாள் நாடகம். மாங்காய்க் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு, கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஊர் உட்கார்ந்திருந்தது. கடைசிக் காட்சியில் மோகனசுந்தரம் அண்ணனுடைய விரல்களில் நாலைப் பிடித்தார். ஆறுச்சாமி முதலில் அதை நாடகம் என்றுதான் நினைத்தார். பிறகு தம்பியின் கண்ணைப் பார்த்தார். அது தோப்பு விலை இல்லை. எனக்கு நாலு நாள் தண்ணீர் வேண்டும் என்று தம்பி கேட்கிறான். ஆறுச்சாமிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. துண்டுக்கு அடியில் தம்பியின் மூன்று விரலை நெரித்தார். மூன்றுதான் உனக்கு. தம்பி கையை உதறிவிட்டு எழுந்து போனார். நாடகத்திலும் விலை பேசி முடிந்ததும் தம்பி அப்படித்தான் போக வேண்டும் என்பதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த நடிப்பை அவர் எங்கே கற்றார் என்று எல்லோரும் கேட்டார்கள். தானாக வருவதுதான் என்று ஆறுச்சாமி அடக்கத்தோடு சொன்னார்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் மாலையில் நாடகம், துண்டுக்கு அடியில் தண்ணீர்ப் பஞ்சாயத்து. தம்பி நாலு என்பார், அண்ணன் மூன்று என்பார். ஒரு சனிக்கிழமை தம்பி மூன்றரைக்கு இறங்கி வந்தார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்று அர்த்தம். நியாயமான பேச்சு. ஆறுச்சாமி அதற்கும் மூன்றைத்தான் பிடித்தார். ஆனால் வீட்டுக்குப் போனதும் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. பெரிய நடிகனுக்குக் கலைத் தாகம் இப்படித்தான் இருக்கும் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் பாலக்காட்டிலிருந்து பூபதிராஜா வந்து சேர்ந்தார். ஒரு கலைச் சங்கத்தின் செயலாளர். டவுனில் அவர்கள் கட்டியிருந்த புது அரங்கத்தில் எழுநூறு நாற்காலிகள். கூடையில் உட்கார்ந்து நாடகம் பார்த்தவர் கடைசியில் மூக்கைச் சிந்தினார். இந்த நாடகம் மாங்காய் ஷெட்டில் கிடந்து முடியக் கூடாது, எங்கள் அரங்கத்துக்கு வர வேண்டும் என்று யோகப்பிரியாவிடம் சொன்னார்.

அன்றிலிருந்து ஊருக்கு வேறு பேச்சில்லை. போகத்தான் வேண்டும் என்றார்கள் சிலர். நம் முகத்துக்கு முன்னால் நடந்ததால்தான் அது நாடகம், அங்கே கொண்டுபோனால் சினிமா ஆகிவிடும் என்றார்கள் சிலர். யோகப்பிரியாவுக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. ஆறுச்சாமிக்கு ஆசை மட்டும்தான் இருந்தது. லாரி டிரைவர்களிடம்கூட எழுநூறு நாற்காலியைப் பற்றிச் சொன்னார். பட்டு ஜிப்பா தைக்கக் கொடுத்தார். கண்ணாடி முன் நின்று கும்பிட்டுப் பார்த்தார். அவர் மனைவி மயிலாத்தாள் அதைக் கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, கடேசி வரிசைல இருக்கறவனுக்கு உங்க மொகம் தெரியாதுங்க. மீசை வேணா தெரியும்" என்றாள்.

யோகப்பிரியா எல்லோருடைய அபிப்பிராயத்தையும் கேட்டாள். மோகனசுந்தரம் அவளிடம் சொல்லி அனுப்பியது ஒரே வார்த்தை: அண்ணன் சொல்றதுதான். தம்பி வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்து எத்தனையோ காலமாயிற்று. ஆறுச்சாமி அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, முடிவு தன் தலையில் வந்து விழுந்ததை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

முடிவு செய்யுமுன் ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று வேன் பிடித்துப் பாலக்காடு போனார்கள். மேடையில் ஏறி ஆறுச்சாமி பேசினால் குரல் எங்கோ கூரையிலிருந்து வந்தது. நம் குரல் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று அதையும் ரசித்தார். கடைசிக் காட்சி வந்ததும் பூபதிராஜா கடைசி வரிசையிலிருந்து கை தட்டி நிறுத்தினார்.

"இங்கிருந்து ஒண்ணும் காணலை சாரே. துண்டு வேண்டாம். கையை கேமரா வெச்சு ஸ்க்ரீன்ல காட்டலாம்."

துண்டை எடுத்தார்கள். பின்னால் திரையில் இரண்டு கைகள் பெரிதாக வந்தன. மோகனசுந்தரம் அண்ணனுடைய விரல்களில் கைக்கு வந்த எதையோ பிடித்தார், விட்டார், வேறு எதையோ பிடித்தார். கண் திரையில் இருந்தது, பேச்சு விரலில் இல்லை. ஆறுச்சாமி மெதுவாக மூன்றைப் பிடித்துப் பார்த்தார். பதில் வரவில்லை. எழுநூறு பேர் பார்க்கக் கிடக்கும் கையால் யார் வீட்டு விஷயம் பேசுவார்கள்? பூபதிராஜா பிரமாதம் என்றார். யோகப்பிரியா நகத்தைக் கடித்தாள். ஊர் திரும்பும்போது மோகனசுந்தரம் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பின்சீட்டில் ஆறுச்சாமிக்கு அழுகை முட்டியது. வயதான காலத்தில் வேனில் அழுதால் நன்றாக இருக்காதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்கு இப்போது இரண்டும் வேண்டியிருந்தது. எழுநூறு நாற்காலியும் வேண்டும், துண்டும் வேண்டும். டவுனுக்குப் போனால் துண்டு இல்லை. போகாவிட்டாலும் அதே கதைதான். தோப்புகளில் முதல் காய் இறங்கத் தொடங்கிவிட்டது, அந்த வாரத்தோடு ஷெட் மாங்காய்க்குப் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் தம்பியின் கையைப் பிடிக்கக் கிடைப்பது இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமை ஷெட்டில் நிற்க இடமில்லை. பதிலை வாங்கிப் போகப் பூபதிராஜாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசிக் காட்சியில் துண்டைப் போட்டார்கள். தம்பியின் கை அசையாமல் கிடந்தது. நாலும் கேட்கவில்லை, மூன்றரையும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கை. கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தும் ஒரு நாளுக்காகத் தம்பியின் மரங்களைக் காயப்போட்ட தன்னை நினைத்தால் ஆறுச்சாமிக்கே வெட்கமாக இருந்தது. தம்பியின் விரல்களில் நாலைச் சேர்த்துப் பிடித்தார். நெரிக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டார்.

நாடகப்படி மோகனசுந்தரம் கையை உதறிவிட்டு எழுந்து போக வேண்டும். அவர் போகவில்லை. கையையும் எடுக்கவில்லை. ஷெட்டே காத்திருந்தது. தூண் ஓரத்திலிருந்து யோகப்பிரியா எழுந்திருக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். மோகனசுந்தரம் அவளைப் பார்க்கவே இல்லை.

"அண்ணா, இது நாடகத்துக்குங்களா, நெசத்துக்குங்களா?" என்று கேட்டார்.

முன்வரிசை முதல் வாசல் வரை எல்லோருக்கும் கேட்டது. ஆறுச்சாமிக்கு வசனம் மறந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் இந்த இடத்துக்கு யாரும் வசனம் எழுதி வைத்திருக்கவில்லை.

"நெசத்துக்குத்தாண்டா" என்றார். "ஞாயித்துக்கெழமை நீயே போட்டுக்கோ."

மோகனசுந்தரம் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். கிணற்று விவகாரம் தெரியாத ஆள் அந்த ஷெட்டில் பூபதிராஜா ஒருவர்தான். அவர் மட்டும் இது புது முடிவு என்று நினைத்துப் பலமாகக் கை தட்டினார்.

டவுனுக்குப் போகலாம் என்றே ஆறுச்சாமி பதில் சொன்னார், அந்த ஆசை அவ்வளவு சீக்கிரம் விடுமா. பூபதிராஜாவும் துண்டு இருக்கட்டும் என்று இறங்கி வந்து, மறுபடி ஒரு ஒத்திகை வைத்தார். துண்டு போட்டார்கள். கேமரா இரண்டு முகத்தையும் திரையில் காட்டியது. அண்ணன் வேண்டுமென்றே தம்பியின் ஐந்து விரலையும் பிடித்தார். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அண்ணனுக்கும் வந்துவிட்டது. மறுபடி செய்யச் சொன்னார்கள், மறுபடியும் சிரித்தார்கள். பாதித் தோப்பை இழக்கும் அண்ணனுடைய முகம் திரையில் சம்பந்தி வீட்டு விருந்துக்கு வந்த முகமாகத் தெரிந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று பூபதிராஜா நாசூக்காகச் சொல்லிவிட்டார்.

யோகப்பிரியா வேனில் ஏறும் வரை பொறுத்திருந்தாள்.

"ஏனுங் மாமா, இன்னொரு மாசம் பொறுத்துச் சேந்திருக்கக் கூடாதுங்களா? நல்லா இருந்த ரெண்டு பகையாளியக் கெடுத்துப்போட்டீங்களே" என்றாள்.

தப்புத்தான் என்றார் ஆறுச்சாமி. அந்தப் பெண்ணுக்காகவாவது கொஞ்சம் வருத்தப்பட்ட முகம் காட்ட வேண்டும் என்று பாடுபட்டுப் பார்த்தார். பக்கத்துச் சீட்டில் தம்பி அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வருத்தப்பட்ட முகம் மட்டும் அவருக்கு வரவே இல்லை.