ஷான்டல் போடும் சிரிப்பு

டேப்பைப் பல்லால் கிழித்து ஹாக்கி மட்டையில் சுற்றிக்கொண்டிருக்கிறாள் ஷான்டல். பக்கத்தில் போன் அதிர்கிறது. தலையைத் திருப்பாமலே கட்டைவிரலால் ஒரு சிரிப்பு முகத்தைத் தட்டிவிட்டு, மறுபடி டேப். "எது வந்தாலும் ஒரு சிரிப்பைப் போட்டுட்டாப் போச்சு. இல்லேன்னா 'கோவமாடி'ன்னு கேட்டே உயிரை எடுப்பாளுங்க" என்பாள்.

பதினாறு வயது. கனடாவின் சட்பரி ஊர்ப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். ஆட்டம் தொடங்குமுன் கோல் கம்பங்களோடு பேசுவாள். "டேய், இன்னிக்கு என்னைக் காப்பாத்துங்கடா." எதிரணி அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பினால், கம்பத்துக்கு முத்தம். தோற்ற நாளில், சீஸும் குழம்பும் ஊற்றிய உருளை வறுவல் இரண்டு தட்டு உள்ளே போகும்.

போன மாதம் அணியின் வாட்ஸப் குழுவில் மேரன் ஒரு படம் போட்டாள். புதிதாகச் சேர்ந்த ராபினின் முகத்தைக் கடற்சிங்கத்தின் உடம்பில் ஒட்டி, "பனி உடையப்போகுது, ஓடுங்கடி!" என்று எழுதியிருந்தாள். ஒரே சிரிப்பு. ஷான்டலின் கட்டைவிரலும் சிரித்தது. அப்புறம் தினமும் ஒரு படம். ராபின் குழுவில் பேசுவதை நிறுத்தினாள், பயிற்சிக்கு வருவதை நிறுத்தினாள், கடைசியில் அணியை விட்டே போவதாகக் கோச்சிடம் சொல்லிவிட்டாள்.

"என்னடி ஆச்சு?" என்று ஷான்டல் அவளுக்கு அனுப்பினாள்.

"ஒவ்வொரு படத்துக்கும் முதல் ஆளா சிரிச்சது நீ. என்னையே கேக்குறியா?"

அன்றைக்குத்தான் ஷான்டல் அந்தப் படங்களைக் கண்ணால் பார்த்தாள். படியெடுத்துக் கோச்சிடம் காட்டினாள். மேரனைக் கூப்பிட்டாள்.

"எல்லாத்தையும் அழிடி."

"லூசு, சும்மா ஜோக்குடி!"

"அவ ஒரு தடவையாவது சிரிச்சாளா? அழி. கோச் நாளைக்கு உன் வீட்டுக்கே போன் பண்றார்."

சனிக்கிழமை ராபின் தன் சாமான்களை எடுத்துப்போக வந்தாள். உடை மாற்றும் அறையில் எல்லோரும் ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

"நான் பார்க்காமலே சிரிச்சேன் ராபின்," என்றாள் ஷான்டல், எல்லோர் காதிலும் விழும்படி. "பார்த்துச் சிரிச்சவளுங்களைவிட அது கேவலம்."

"சரி. என் ஸ்கேட் எங்க?" ராபின் யாரையும் பார்க்கவில்லை.

முழங்கால் வரை கட்டியிருந்த தடித்த கோல்கீப்பர் கால்காப்புகளோடு தட்டுத்தடுமாறி மண்டியிட்டு, பெஞ்சுக்கு அடியிலிருந்து ஷான்டல் அந்தச் சறுக்குக் காலணியை இழுத்தாள். பையில் வைக்கவில்லை. நாடாவைத் தளர்த்தி, அதன் வாயை இரண்டு கையாலும் அகல விரித்து, ராபினின் காலடியில், அவள் கால் நுழைக்க வாகாகப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.