வெள்ளிக்கிழமை திறந்திருந்த அறை

தன்னிடம் ஆலோசனைக்கு வருபவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால், உளவியலாளரான அந்த அம்மாள் உடனே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். எதிரில் இருப்பவர் கூச்சமில்லாமல் அழட்டும் என்றுதான்.

உளவியலாளர்களின் வட்டாரச் சங்கத்துக்குத் தலைவியானதும் ஒரே ஓர் இலக்கைத்தான் அறிவித்தார்: ஊரார் மனப்பாரத்தைச் சுமக்கும் நமக்கும் அதை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைகளில் சங்க அறையைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"ஒரு போன் போட்டுக் கூப்பிடுங்களேன் அக்கா. நம்ம செயலாளர் முகமே சரியில்ல," என்றார் பொருளாளர்.

"நாமளா இழுக்கக் கூடாதும்மா. தானா வந்து கதவைத் தட்டணும். அதானே நம்ம தொழில்?"

"அதெல்லாம் நம்மகிட்ட வர்றவங்களுக்கு. நம்ம ஆளுங்க வீம்பு பிடிச்சவங்க அக்கா, செத்தாலும் தட்ட மாட்டாங்க."

அம்மாள் சிரித்து மழுப்பிவிட்டார். ஆண்டு முடிவதற்குள் அறையைப் பூட்டினார்கள். செயலாளர் தொழிலையே விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். கூப்பிட்டிருக்கலாமே என்று அம்மாள் அப்புறம் எத்தனையோ தடவை நொந்துகொண்டார்.

வெகுநாள் கழித்து, செயலாளரின் மனைவி சொல்லித்தான் அது தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அவர் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவாராம். சங்கத்து மாடிப்படிவரை வந்து, மேலே விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாராம்.