வானத்தில் ஏது நிறுத்தம்?

பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் குடைச்சல். பஸ் கொஞ்சம் பிந்தினால் போதும், "எங்க நிறுத்தின? யாருக்காக நிறுத்தின?" என்று தோண்டித் துருவிவிடுவார். பஞ்சர் என்று சொன்னால் டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். இப்போது தோண்ட பஸ் இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகள், மாதம் ஒருமுறை விமானத்தில் வீட்டுக்கு வருவாள், மாட்டியது அவள்தான்.

சாலை வழியே மலையைச் சுற்றி வந்தால் தொள்ளாயிரம் கிலோமீட்டர், விடிய விடியப் பயணம். வானத்தில் நேராக வந்தால் அறுநூறுதானாம், ஒன்றேகால் மணி நேரமாம். ஆனால் நான்கு மணிக்கு இறங்குகிறவள் எட்டு மணிக்குத்தான் வாசலில் நிற்கிறாள். பெட்டி எடுக்க, வண்டி பிடிக்க, வீடு வந்து சேர என்று தாராளமாகவே கழித்துப் பார்த்தார். அப்படியும் கணக்கு உதைத்தது.

"வானத்துல ஏதுடி நிறுத்தம்? எவனோ ஒருத்தன் இருக்கான்," என்றார் மனைவியிடம்.

"ஏரோப்ளேனுக்கும் நீங்கதான் டைம்கீப்பரா? பேசாம இருங்க."

பெற்ற மகளைச் சந்தேகப்படுவது அவருக்கும் கசக்கத்தான் செய்தது. ஆனால் இன்று மறைக்கிறவள் நாளைக்கு வராமலே போய்விட்டால்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அடுத்த மாதம் நண்பரைப் பார்க்கப் போவதாக மனைவியிடம் புளுகிவிட்டு விமான நிலையத்துக்குப் போய், ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

விமானம் நேரத்துக்கு வந்தது. மகளும் வந்தாள். அக்கம்பக்கம் பார்க்காமல், வெளியே வருகிற கூடத்தில் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பெட்டிமேல் நீட்டினாள். இதோ வரப்போகிறான் என்று இவர் ஒவ்வொரு இளைஞனாக முறைத்துக்கொண்டிருந்தார். ஒருத்தனும் அவள் பக்கம் போகவில்லை. அவள் போனைக்கூட எடுக்கவில்லை. முட்டி வலி தாங்காமல் கடைசியில் இவரே எதிரில் போய் நின்றார்.

"யாருக்காக உட்கார்ந்திருக்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் ஆச்சரியமே இல்லை.

"யாருக்காகவும் இல்லப்பா. அங்க ஆபீஸ்ல நாள் முழுக்கக் கேள்வி. வீட்டுக்கு வந்தா செருப்பைக் கழட்டுறதுக்குள்ள உங்க கேள்வி. நடுவுல கொஞ்ச நேரம் யாருக்கும் பதில் சொல்லாம உட்காரணும் போல இருக்கு. இல்லேன்னா வந்ததும் உங்க மேல எரிஞ்சு விழுவேன்."

 எவனோ ஒருத்தன் இருந்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"அடுத்த மாசம் வருவியாம்மா?"

"நீங்க இங்க வரலேன்னா வருவேன்."

அவர் தலையாட்டினார். அவளை அங்கேயே இருக்கவிட்டு, தனியாக வீட்டுக்கு பஸ் ஏறினார்.